எண்பத்தெட்டுத் தப்படி

என் அக்கா வீட்டுக்காரர் முப்பத்திரண்டு வருடம் பஸ் ஓட்டினார். அத்தனை வருடத்தில் ஒரு கோழியைக்கூட ஏற்றியதில்லை என்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். அவரே எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். வண்டி ஓட்டத் தெரிந்தவர்கள் தெருவில் இன்னும் இருபது பேர் இருக்கிறார்கள், ஆனால் 'டிரைவர்' என்றால் அவர் ஒருவர்தான். நான் அத்தான் என்பேன். அவர் என்னை மாப்ள என்பார். பள்ளிக்கூட வளைவுக்குப் பக்கத்தில் நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அந்தக் கடைக்கு இடம் கிடைத்ததே அவர் சொன்ன ஒரு வார்த்தையால்தான். இதை அவர் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

எங்கள் குடியிருப்போர் சங்கம் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை கூடும். கூடுவது பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு அறையில். பெஞ்சில் உட்கார்ந்தால் முட்டி தாடையில் இடிக்கும். ஆனாலும் சங்கத்தை லேசாக எடைபோட முடியாது. குடியிருக்கும் வீட்டில் யாராவது கடை போட வேண்டும், மாவு அரைக்க வேண்டும், டியூஷன் நடத்த வேண்டும் என்றால் நகராட்சி முதலில் எங்கள் கடிதத்தைக் கேட்கும். கடிதத்தில் இரண்டே வரி. அக்கம்பக்கத்துக்கு ஆட்சேபம் இல்லை. போக்குவரத்துக்கு இடைஞ்சல் இல்லை. முதல் வரிக்குக் கீழே சங்கத் தலைவரான இரும்புக் கடைக்காரர் கையெழுத்துப் போடுவார். இரண்டாவது வரிக்குக் கீழே போக்குவரத்துக் குழுத் தலைவர். அந்தக் குழுவுக்குத் தலைவரும் அத்தான்தான், உறுப்பினர்களும் அத்தான்தான்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடும் ஆளில்லை. மாவு மில்லுக்கு ஒருவர் மனுப் போட்டபோது இரண்டு நாள் அந்த வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிற வருகிற வண்டியையெல்லாம் நோட்டில் கோடு கிழித்தார். 'சாக்கு இறக்குற வண்டி காலையில ஏழு மணிக்கு முன்னாடி வந்துட்டுப் போயிடணும், பிள்ளைங்க வர்ற நேரத்துல நிக்கக் கூடாது' என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் பேனாவைத் திறந்தார். மில்காரர் முணுமுணுத்தார். ஆனால் டிரைவர் சொன்னால் சரியாக இருக்கும் என்று தெருவே சொன்னது. இந்த வாக்கியத்தை நான் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போனவன்.

அவர் உயிரை வைத்திருந்தது அந்தப் பள்ளிக்கூட வளைவில்தான். பள்ளிக்கூட வாசல் சரியாக வளைவில் இருக்கிறது, பஸ் நிற்பது எதிர்ப்பக்கம். வாசலுக்கு நேரே குறுக்கே போனால் திரும்பி வருகிற வண்டி கண்ணுக்கே தெரியாது. கொஞ்சம் தள்ளித் தபால் பெட்டி இருக்கிறது. அங்கே நின்றால்தான் இரண்டு பக்கமும் தெரியும். சர்வீஸில் இருந்தபோது ஒருநாள் அவர் அந்த வளைவில் பிரேக் அடித்திருக்கிறார். பிள்ளை தப்பித்தது, பிள்ளையின் பை மட்டும் முன்சக்கரத்துக்கு அடியில் போய்விட்டது. இறங்கிப் பையை இழுத்துக் கொடுத்தவருக்கு மறுபடி ஏறி உட்காரக் கால் வரவில்லையாம். கண்டக்டர் தண்ணீர் கொடுத்து ஏற்றிவிட்டாராம். எல்லாவற்றையும் பேசுகிற மனிதர் இதை மட்டும் பேசமாட்டார். அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஓய்வு பெற்ற மறுநாளே அவர் அந்த இடத்துக்குப் போய், பள்ளிக்கூட வாசலிலிருந்து தபால் பெட்டி வரை நடந்து அளந்தார். டிப்போவில் சேர்ந்த புதிதில் வாத்தியார் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு ஒவ்வொருவர் நடையையும் அளந்தாராம். டயர் தேய்ந்த தடத்தை நாடா இல்லாமலே அளக்கத் தெரிய வேண்டும் என்பதற்காக. அத்தானின் ஒரு தப்படி முக்கால் மீட்டர். பத்து முறை நடந்தாலும் பத்து முறையும் முக்கால். அன்றோடு நாடாவைக் கையால் தொடுவதை விட்டுவிட்டார். சர்வீஸில் இருந்தபோது என் கடை வாசலை நடந்துதான் அளந்து சொன்னார். அந்தக் கணக்கில் செய்த ஷட்டர் இன்றைக்கும் இடிக்காமல் இறங்குகிறது.

தபால் பெட்டிக்கு எண்பத்தெட்டுத் தப்படி வந்தது. அறுபத்தாறு மீட்டர். அங்கே வெள்ளைக்கோடு போட்டு ஒரு கிராசிங்கும், அதற்கு முன்னால் வேகத்தடையும் வேண்டும் என்று படம் வரைந்து, சங்க முத்திரை குத்தி அனுப்பினார். நகராட்சியிலிருந்து பதில் வந்தது. பள்ளி வாசலிலிருந்து அறுபது மீட்டருக்குள் இருந்தால்தான் விதி அனுமதிக்கும், தாங்கள் காட்டிய இடம் அறுபத்தாறு மீட்டர் என்பதால் இயலாது.

ஆறு மீட்டர். அந்த ஆறு மீட்டருக்காக அத்தான் பதினோரு வருடம் மல்லுக்கட்டினார். விதியை மாற்றச் சொல்லி மனு, வாசலை மாற்றச் சொல்லி மனு, தபால் பெட்டியை நகர்த்தச் சொல்லித் தபால் ஆபீசுக்கு ஒரு மனு. எல்லாம் கிணற்றில் போட்ட கல். ஒவ்வொன்றுக்கும் மூன்று காப்பி எடுத்தவன் நான். இன்னொரு முறை அளந்து பார்க்கலாமே என்று இத்தனை வருடத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. டிரைவர் காலால் அளந்ததை நாடாவால் சோதிப்பது என்றால், தெருவில் அது அவரைக் கைநீட்டி அடிப்பது மாதிரி. நகராட்சிக்காரர்களோ சங்கமே முத்திரை குத்திக் கொடுத்த அளவு என்று நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு காலையில், அக்கா அந்தத் தபால் பெட்டியிலிருந்து எதிர்ப்பக்கம் பஸ்ஸுக்குப் போகும்போது ஒரு பைக் வந்து தட்டிவிட்டது. வலது தோள் போயிற்று. உள்ளே தகடு வைத்தார்கள். அதற்குப் பிறகு அக்காவுக்கு அந்தக் கை தலைக்குமேல் போகாது. கொடியில் துணி போடுவது, அலமாரி மேல்தட்டில் டப்பா எடுப்பது எல்லாம் அத்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்துதான் அடுத்த மனுவை எழுதினார். அழுத்தி எழுதியதில் பேனா தாளைக் கிழித்துவிட்டது.

இங்கேதான் அந்தப் பெண் வருகிறாள். பிசியோதெரபி படித்தவள், முப்பத்தைந்து வயது இருக்கும். தெருவே அவளைப் பிசியோ என்றுதான் கூப்பிடுகிறது. தபால் பெட்டியை ஒட்டிய மூலை வீட்டுக்குக் குடிவந்து, கீழ்த்தளத்தைச் சிகிச்சை அறையாக மாற்ற அனுமதி கேட்டாள். தன்னிடம் வருகிறவர்கள் நடக்க முடியாதவர்கள், பஸ்ஸிலிருந்து இறங்கி ரோட்டைக் கடக்க வேண்டும், பள்ளிக்கூடமும் பக்கத்தில் இருக்கிறது, ஆகவே தபால் பெட்டி அருகே கிராசிங் போட்டுத் தர வேண்டும் என்று அதே மனுவில் ஒரு பத்தி சேர்த்தாள். ஐந்தாவது வாரம் பதில் வந்துவிட்டது. சங்கத்தின் கடிதம் வந்ததும் அறைக்கு அனுமதி உண்டு, அதோடு கிராசிங்கும் வேகத்தடையும் போடப்படும். கடிதம் வராவிட்டால் இரண்டும் இல்லை.

தெருவே சந்தோஷப்பட்டது. தலைவர் அவளைக் கடைக்குக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். அத்தான் என் கடை ஸ்டூலில் வந்து உட்கார்ந்தார்.

"பதினோரு வருஷம்டா மாப்ள," என்றார். "அவளுக்கு அஞ்சு வாரம்."

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. அவள் போர்டு வைத்தால் போர்டு பெரிது. அவள் சிரித்துப் பேசினால் ஆளை மயக்குகிறாள். ஆபீசில் அவளுக்கு வேண்டியவர்கள் இருக்கிறார்கள் என்று ஒருநாள், அவள் முகத்தைப் பார்த்துக் கொடுத்துவிட்டார்கள் என்று மறுநாள். அனுமதி வரும்வரை மாடியில் சிகிச்சை பார்த்த அவளிடம் வருகிற ஆட்டோக்களை என் கடையிலிருந்தே நோட்டில் எழுத ஆரம்பித்தார். ஒரே நேரத்தில் மூன்று ஆட்டோ நின்றால் வளைவு மறைகிறது, ஆகவே கையெழுத்து இல்லை என்றார். ஆட்டோ விஷயம் உண்மைதான். நியாயமான காரணம் ஒன்று கையில் கிடைத்துவிட்டால் பொறாமைக்கு அதைவிட வசதி வேறில்லை.

அக்கா அவர் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாமல் பிசியோவின் மாடிக்கே போய்ப் பயிற்சி செய்துகொண்டிருந்தாள். ஒரு காலை நான் அக்கா வீட்டுக்குப் போனபோது அத்தான் ஈரத்துணி வாளியோடு பின்பக்கம் வந்தார். அக்கா ஏற்கெனவே ஒரு துண்டை எடுத்து, வலது கையாலேயே, பல்லைக் கடித்துக்கொண்டு, கொடியில் போட்டிருந்தாள். திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அவர் வாளியைக் கீழே வைத்தார். 'நல்லதுதானே அத்தான்' என்றேன். 'ம்' என்றார். நாலு வருடமாக அவருடையதாக இருந்த அந்த வேலையையும் அவள் பிடுங்கிக்கொண்டாள் என்று முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

அதைப் பார்த்து எனக்கு உள்ளூர இனித்தது. மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அம்மா இல்லாத வீட்டில் அக்காதான் எனக்குத் தலைவாரி, சோறு பிசைந்து, பாடம் சொல்லிக்கொடுத்து வளர்த்தாள். அவர் வந்தார், அக்காவின் வாயில் எதற்கெடுத்தாலும் 'அவரைக் கேட்டுக்கலாம்' என்று ஆயிற்று. நான் கடை வைத்தேன், அவர் அளந்தார். நான் பேசினேன், அவர் பேசும்வரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அத்தான் வயிறெரிவதைப் பார்க்க முப்பது வருடம் காத்திருந்தவன் நான் ஒருவன்தான்.

கூட்டத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது பிசியோ என் கடைக்கு வந்தாள். சங்கத்தின் பழைய மனுக்களில் ஒரு காப்பி கிடைக்குமா என்றாள். எடுத்துக் கொடுத்தேன். மெஷின் கண்ணாடிமேல் அத்தான் வரைந்த படத்தையும் தன் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். வாசலிலிருந்து தபால் பெட்டிக்கு அவர் போட்டது அறுபத்தாறு. அவள் போட்டிருந்தது ஐம்பத்தேழு.

"இரும்புக் கடையில நாடா வாங்கி மூணு தடவை அளந்தேன்," என்றாள். "சாருக்கு இடது முட்டி ரொம்ப நாளாவே சரியில்லையா?"

கிளட்ச் மிதித்து மிதித்துத் தேய்ந்த முட்டி, அதனால்தான் இரண்டு வருடம் முன்கூட்டியே ஓய்வு வாங்கினார் என்றேன். அவள் தலையாட்டினாள். முட்டி முழுக்க நீளாவிட்டால் தப்படி குறுகிவிடும், நடக்கிறவருக்கே தெரியாது, மனசு பழைய அளவிலேயே எண்ணிக்கொண்டிருக்கும் என்று விளக்கினாள். நாள் முழுக்க மனிதர்கள் நடப்பதைப் பார்ப்பதுதான் அவள் தொழில். அவரிடம் பக்குவமாகச் சொல்ல வீட்டுக்குப் போனாளாம், அவர் கதவைப் பாதிக்குமேல் திறக்கவில்லையாம்.

"நீங்க சொல்லிடுங்க," என்றாள். "கூட்டத்துக்கு முன்னாடி, தனியா. வீட்டு ஆள் சொன்னாத்தான் அவருக்குத் தாங்கும்."

சொல்கிறேன் என்றேன். சத்தியமாக அப்போது சொல்வதாகத்தான் இருந்தேன். அன்று மாலை அவர் வந்தார், கடையில் ஆள் இருந்தது. மறுநாள் அவருக்குத் தலைவலி. மூன்றாம் நாள் எந்தச் சாக்கும் இல்லை, சொல்லவில்லை.

கூட்டத்துக்கு நாலு நாள் முன்னால், சங்க நிர்வாகிகளுக்குக் கொடுக்கப் பிசியோவின் மனுவை ஏழு காப்பி எடுக்கச் சொன்னார் தலைவர். அத்தான் தன் காப்பியை என் ஸ்டூலில் உட்கார்ந்தே படித்தார். மூன்றாம் பக்கத்தில் நிமிர்ந்தார்.

"மாப்ள, இங்க வா. இதைப் பாரு. அம்பத்தேழாம்." அவர் குரல் சந்தோஷத்தில் கீச்சிட்டது. "ரோட்டையே சுருக்கிட்டா. அதான் அஞ்சு வாரத்துல கிடைச்சிருக்கு. கூட்டத்துல எல்லார் முன்னாடியும் நடந்து காட்டுறேன்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவர் முகம் பதினோரு வருடத்தில் முதல் முறையாக அப்படி மலர்ந்திருந்தது.

"காட்டுங்க அத்தான்," என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அறை நிரம்பியிருந்தது. அக்காவும் வந்து கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அத்தான் இஸ்திரி போட்ட சட்டையில் எழுந்து நின்று, ஆட்டோக் கணக்கை ஒரு வரியில் முடித்துவிட்டு, நேராக மூன்றாம் பக்கத்துக்கு வந்தார். நகராட்சியை ஏமாற்றிய மனுவுக்கு இந்தச் சங்கம் துணை போகலாமா என்று கேட்டார். பிசியோ சட்டென்று என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். பிறகு அவள் எழுந்து, வேண்டாம் சார், ஆபீஸிலிருந்தே யாராவது வந்து அளந்துகொள்ளட்டும் என்று மெதுவாகச் சொன்னாள். அவள் பயந்துவிட்டாள் என்று அத்தானுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"ரோடு இங்கதானே இருக்கு. எதுக்கு ஆபீஸ்?" என்று வாசலை நோக்கி நடந்தார்.

எல்லோரும் பின்னால் போனோம். அவர் பள்ளிக்கூட வாசலில் குதிகாலை வைத்து, நெஞ்சை நிமிர்த்தி நடக்கத் தொடங்கினார். ஓரமாக நின்றவர்கள் சேர்ந்து எண்ணினார்கள். இடது கால் கொஞ்சம் இழுத்துக்கொண்டு வந்தது. பதினோரு வருடம் தினமும் பார்த்த நடைதான், அன்றைக்குத்தான் என் கண்ணில் பட்டது. எண்பத்தாறு, எண்பத்தேழு, எண்பத்தெட்டு. தபால் பெட்டியில் கை வைத்துத் திரும்பினார். இரண்டு பேர் கைதட்டினார்கள்.

பிசியோ பையிலிருந்த நாடாவை எடுக்கவே இல்லை. தலைவர்தான் அதைக் கேட்டு வாங்கினார், தான் விற்ற சரக்கு என்பதால். ஒரு முனையை வாசலில் மில்காரர் பிடித்தார். தலைவர் தபால் பெட்டியில் குனிந்து பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். ஐம்பத்தேழு மீட்டரும் ஒரு சாணும். யானைக்கும் அடி சறுக்கும் என்று தலைவர் முணுமுணுத்தார். நாடா துணிதானே சார், இழுபட்டு நீண்டிருக்கும் என்றாள் பிசியோ. அந்த நாடா இரும்பு.

அத்தான் நாடாவைக் கையில் வாங்கினார். நாற்பது வருடத்துக்குப் பிறகு அதைத் தொடுகிறார். தபால் பெட்டியிலிருந்து பத்துத் தப்படி நடந்து நின்று, குதிகாலில் என்னைப் பிடிக்கச் சொல்லி, தானே அளந்தார். ஏழரை மீட்டர் வர வேண்டும். ஆறரை மீட்டருக்கும் ஒரு விரல்கடை குறைவாக இருந்தது. கொஞ்ச நேரம் தன் இடது காலையே பார்த்தார். பிறகு பிசியோவிடம் போனார்.

"கையெழுத்து எங்கம்மா போடணும்?"

அவள் காட்டினாள். தபால் பெட்டிமேல் தாளை வைத்துப் போட்டார். ஆட்டோக்கள் வளைவில் நிற்கக் கூடாது, வீட்டு உள்வாசலில் நிற்க வேண்டும் என்று அதற்குமேல் ஒரு வரி சேர்க்கவும் மறக்கவில்லை. அக்கா அருகில் வந்தபோதுதான் அவர் நிமிர்ந்தார்.

"உன் தோளு..." என்றார்.

அக்கா வலது கையைத் தூக்கினாள். மெதுவாக, வலியோடு, அவர் முகம்வரை. முந்தானையால் அவர் நெற்றியைத் துடைத்தாள். இத்தனைக்குப் பிறகும் அந்தக் கை அவரிடம்தான் போயிற்று.

பிசியோ என் பக்கம் திரும்பினாள். "அன்னைக்கே சொல்றேன்னீங்களே," என்றாள். கோபமாகக்கூட இல்லை, புரியாமல் கேட்டாள்.

அத்தான் அதைக் கேட்டார். எத்தனை நாளாகத் தெரியும் என்று என்னிடம் கேட்டார். பன்னிரண்டு நாள் என்றேன். 'சரி மாப்ள' என்றார். நாடாவைச் சுருட்டித் தலைவரிடம் கொடுத்துவிட்டு, பள்ளிக்கூட வாசல் பக்கமாக நடந்து போனார். எண்ணாமல் நடந்தார் என்று நினைக்கிறேன்.

அக்கா மட்டும் நின்றாள். சின்ன வயதில் நான் பொய் சொன்னால் என் முகத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். அவள் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் எல்லாவற்றுக்கும் நான் பதில் தயாராக வைத்திருந்தேன், அவள் எதையும் கேட்கவில்லை.

"அவர் நடக்கும்போது எல்லாரும் எண்ணுனாங்கல்ல," என்றாள். "அதுல உன் குரல்தான்டா பெருசா கேட்டுச்சு."